தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டை என்ன செய்வது?



இந்தக் கட்டுரையைப் படிக்கும் முன் உங்கள் வீட்டுக் குளியலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். சவர்க்காரப் பெட்டியின் மூலையில் இலை போல மெலிந்த ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? புதிய கட்டியைப் பிரித்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். சில நாள்கள் அங்கேயே ஊறிக் கிடக்கும். பிறகு பெட்டியைக் கழுவும்போது குப்பைத் தொட்டிக்கோ கால்வாய்க்கோ போய்விடும்.

என் பாட்டி வீட்டில் அப்படிப் போனதில்லை. பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர். மெலிந்த துண்டை நனைத்துப் புதிய கட்டியின் முதுகில் வைத்து அழுத்திவிடுவார். பச்சைக் கட்டியின் மேல் வெள்ளைத் துண்டு, அதற்கும் மேல் சிவப்புத் துண்டு என்று எங்கள் சவர்க்காரம் எப்போதும் இரண்டு மூன்று நிறத்தில்தான் இருக்கும். இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் நான் அதை ஒளித்து வைத்துவிடுவேன். ‘இவர்கள் வீட்டில் சவர்க்காரம் வாங்கக்கூடக் காசில்லையோ?’ என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம்.

வேதியியல் படித்து ஆசிரியரான பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பாட்டி செய்ததும் சவர்க்காரத் தொழிற்சாலை செய்வதும் ஏறக்குறைய ஒரே வேலை! எப்படி என்று பார்ப்போமா?

முதலில் கொஞ்சம் கணக்கு

ஒரு புதிய கட்டியின் எடை 90 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 9 கிராமாகத் தேய்ந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம் என்றால், வாங்கியதில் பத்தில் ஒரு பங்கை வீசுகிறோம். மாதம் நான்கு கட்டி பயன்படுத்தும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 48 கட்டிகள். 48 × 9 = 432 கிராம். அதாவது, ஏறத்தாழ ஐந்து புதிய கட்டிகள்.

இது வெறும் காகிதக் கணக்கா என்று பார்க்க, எங்கள் வீட்டில் சேர்த்து வைத்த ஏழு துண்டுகளைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். மொத்தம் 61 கிராம். ஒரு துண்டுக்குச் சராசரியாக 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நீங்களும் நிறுத்துப் பாருங்கள். நிறுக்கும் முன் துண்டுகளை இரண்டு நாள் காய விடுங்கள். ஈரத்துண்டில் நீரின் எடையும் சேர்ந்துவிடும்.

சேமிப்பு சில ரிங்கிட்தான். ஆனால், அந்தச் சில ரிங்கிட்டோடு ஒரு முழுப் பாடமும் கிடைக்கிறது.

சவர்க்காரம் எதனால் ஆனது?

படிவம் 5 வேதியியல் பாடத்தில் இந்தச் சமன்பாடு வரும்:

கொழுப்பு அல்லது எண்ணெய் + சோடியம் ஹைட்ராக்சைடு → சவர்க்காரம் + கிளிசெரால்

மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சவர்க்காரம் செய்து வந்தாலும், பானைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசெராலும் சேர்ந்தது, காரம் அவற்றைப் பிரிக்கிறது என்று அவர் கண்டறிந்தார். அந்த ஆய்வுகளைத் தொகுத்து 1823இல் நூலாக வெளியிட்டார். 102 வயது வரை வாழ்ந்த மனிதர் அவர்!

இப்போது உங்கள் வீட்டுச் சவர்க்கார உறையை எடுத்துப் பொருள் பட்டியலைப் படியுங்கள். முதல் வரிசையில் பெரும்பாலும் ‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் பாம் கெர்னலேட்’ என்று இருக்கும். முதலாவது செம்பனை எண்ணெயிலிருந்தும், இரண்டாவது செம்பனைக் கொட்டை எண்ணெயிலிருந்தும் வந்தவை. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நாம் பார்க்கும் செம்பனை மரங்கள்தாம் நம் குளியலறைக்கு வந்திருக்கின்றன. ‘சோடியம் கோகோவேட்’ என்றால் தேங்காய் எண்ணெய். ‘சோடியம் டாலோவேட்’ என்றால் மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பு. செம்பனை எண்ணெயில் இருந்து வரும் பகுதி கட்டிக்கு உறுதியைத் தருகிறது. கொட்டை எண்ணெயில் இருந்து வரும் பகுதி நுரையைத் தருகிறது.

சவர்க்கார மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலைக்கு நீரைப் பிடிக்கும். வாலுக்கு எண்ணெயைப் பிடிக்கும். கை கழுவும்போது வால்கள் எண்ணெய்ப் பிசுக்குக்குள் நுழைந்துகொள்ள, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்கும். இப்படிப் பல மூலக்கூறுகள் சூழ்ந்ததும் அழுக்கு சிறு சிறு உருண்டைகளாகத் தோலை விட்டுப் பிரிந்து நீரோடு போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டியின் முதல் நாளில் இருந்த மூலக்கூறும் கடைசித் துண்டில் இருக்கும் மூலக்கூறும் ஒன்றுதான். மணம் சற்றுக் குறைந்திருக்கலாம்; அழுக்கு நீக்கும் ஆற்றல் குறையவில்லை. துண்டு நமக்குத் தொல்லையாக இருப்பதற்குக் காரணம் அதன் வடிவம்தான். மெலிந்ததும் கையில் நிற்காமல் வழுக்குகிறது, உடைகிறது. ஆக, நாம் தீர்க்க வேண்டியது வடிவச் சிக்கலை மட்டுமே.

தொழிற்சாலையில் என்ன நடக்கிறது?

குளியல் சவர்க்காரம் தொழிற்சாலையில் நேரடியாகக் கட்டியாகப் பிறப்பதில்லை. முதலில் ‘சவர்க்கார நூடுல்ஸ்’ எனப்படும் சிறு சிறு துண்டுகளாக வருகிறது. இந்த நூடுல்சைச் செய்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பிறகு அதோடு நிறமும் மணமும் கலந்து, உருளைகளுக்கு இடையே நசுக்கி, ஓர் இயந்திரத்தின் வழியாக நெருக்கி நீண்ட பாளமாகத் தள்ளுகிறார்கள். அந்தப் பாளத்தை வெட்டி அச்சில் அழுத்தினால் பெயர் பொறித்த கட்டி கிடைக்கிறது.

அதாவது, நீங்கள் கடையில் வாங்கும் ஒவ்வொரு புதிய கட்டியும் ஏற்கெனவே சிறு துண்டுகளை அழுத்தி ஒட்டியதுதான். பழைய கட்டி காயும்போது நீளவாக்கில் விரிசல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளும் புறமும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. எங்கே ஒட்டு பலவீனமாக இருந்ததோ அங்கே விரிசல் விழுகிறது.

துண்டுகளை ஒட்டுவது எது? அழுத்தமும் கொஞ்சம் நீரும். குளியல் கட்டியில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு நீர் இருக்கும். இனி நாம் பார்க்கப் போகும் மூன்று முறைகளும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன: எவ்வளவு நீர் சேர்க்கிறோம்?

முதல் முறை: சொட்டு நீர்

இது பாட்டியின் முறை. உலர்ந்த இரண்டு துண்டுகளை எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அவற்றின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. ஒன்றையொன்று சில புள்ளிகளில்தான் தொடுகின்றன.

நனைத்தால் நிலைமை மாறும். நீர் உள்ளே நுழைந்து மேற்பரப்பு கொழகொழப்பான கூழாகிறது. அந்தக் கூழில் மூலக்கூறுகள் திண்மத்தில் இருப்பதுபோல் இறுக நிற்பதில்லை. திரவத்தில் இருப்பதுபோல் தாறுமாறாக ஓடுவதும் இல்லை. ஓரளவு வரிசை கட்டி நிற்கின்றன. இத்தகைய இடைநிலையைத் ‘திரவப் படிகம்’ என்பார்கள். கைப்பேசித் திரைகளிலும் தொலைக்காட்சித் திரைகளிலும் திரவப் படிகங்கள் பயன்படுகின்றன. சவர்க்காரத்தில் உருவாவது அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகை.

இரண்டு கூழ்ப்பரப்புகளை அழுத்தினால் இடையிலுள்ள காற்று வெளியேறி இரண்டும் கலக்கின்றன. பிறகு நீர் ஆவியாகக் காயும்போது, கலந்த இடம் திண்மமாகி இரண்டும் ஒரே கட்டியாகின்றன.

செய்முறை இதுதான்:

1. புதிய கட்டியை ஒருமுறை பயன்படுத்திய பிறகு எடுங்கள். மேலே பொறித்த எழுத்துகள் சற்றுத் தேய்ந்திருந்தால் இன்னும் நல்லது.
2. மெலிந்த துண்டை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் போட்டு வளையும் அளவுக்கு இளக விடுங்கள்.
3. இரண்டையும் சேர்த்து விரலால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்துங்கள். ஓரங்களைத் தடவி மூடுங்கள்.
4. ஓர் இரவு முழுவதும் உலர்ந்த இடத்தில் வையுங்கள். உடனே பயன்படுத்தினால் பிரிந்துவிடும்.

பலரும் தவறுவது நான்காவது படியில்தான். ‘ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை’ என்பவர்கள் காய விடாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

இரண்டாம் முறை: கரண்டி நீர்

துண்டுகள் நிறையச் சேர்ந்துவிட்டால் புதிய கட்டியே செய்யலாம். அடுப்பு வேலை இருப்பதால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

100 கிராம் உலர்ந்த துண்டுகளைத் தேங்காய்த் துருவல் போலத் துருவுங்கள். 30 முதல் 40 மில்லிலிட்டர் நீர், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி, தெளித்துக் கலந்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் நீர் உள்ள சட்டியின் மேல் அந்தக் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் அடி பிடிக்கும், நுரைத்துப் பொங்கும். மெதுவாகக் கிளறுங்கள். வேகமாக அடித்தால் காற்று புகுந்துவிடும்.

அது தண்ணீராக உருகும் என்று காத்திருக்காதீர்கள். உருகாது. பிசைந்த உருளைக்கிழங்கு போல ஆகும். அதுவே சரியான பதம். வெட்டிய பால் பெட்டியில் திணித்து, அடியைத் தரையில் தட்டி, கரண்டியால் அழுத்துங்கள். மறுநாள் வெளியே எடுத்து இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமான இடத்தில் காய விடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அவசரப்படக்கூடாது. வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஓர் அளவில் நிற்கும்போது கட்டி தயார். அந்த எண்களை வரைபடமாக வரைந்தால் அறிவியல் கழகத்துக்கு ஒரு நல்ல செயல்திட்டம் ஆகிவிடும்.

மூன்றாம் முறை: புட்டி நீர், நான் பட்ட பாடு

‘துண்டுகளை நீரில் கரைத்தால் திரவச் சவர்க்காரம் கிடைத்துவிடுமே?’ என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அறிவியல் கழக மாணவர்கள் வீடு வீடாகத் துண்டுகள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். 200 கிராம் துருவலை இரண்டு லிட்டர் கொதிநீரில் கரைத்தோம். தெளிவாக, தண்ணீர் போல இருந்தது. அழுத்திப் பீய்ச்சும் புட்டிகளில் ஊற்றி, கை கழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெருமையோடு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் புட்டிக்குள் அகார் அகார் உறைந்திருந்தது போல இருந்தது. மூடியை அழுத்தினால் எதுவும் வரவில்லை. புட்டியைக் குலுக்கி இன்னும் பலமாக அழுத்தினால் மூக்குச்சளி போல நீண்ட நூலாக வந்தது. மாணவர்கள் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? யோசிக்காமல் இன்னும் தண்ணீர் ஊற்றினேன். இப்போது கட்டி கட்டியாக மிதக்கும் வெள்ளை நீர் கிடைத்தது. பத்து நாளில் அதில் ஒரு கெட்ட வாடையும் வந்தது.

எங்கே தவறினோம்? கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டியபோது விடை கிடைத்தது. சவர்க்காரத்தைப் பொறுத்தவரை, கரைதிறன் வெப்பநிலையோடு மெல்ல மெல்லக் கூடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரை மிகக் குறைவாகக் கரையும். அதைத் தாண்டியதும் சட்டென்று நிறையக் கரையும். இதைக் கவனித்த ஜெர்மானிய வேதியியலாளரின் பெயரால் அதைக் ‘கிராஃப்ட் வெப்பநிலை’ என்கிறோம். கட்டியில் உள்ள சோடியம் ஸ்டியரேட்டுக்கு அது 70 பாகை செல்சியசை ஒட்டி இருக்கிறது. சோடியம் பாமிட்டேட்டுக்குச் சுமார் 60 பாகை. கொதிநீரில் எல்லாம் அழகாகக் கரைந்தன. இரவில் அறை வெப்பநிலைக்கு இறங்கியதும் அவற்றால் கரைந்திருக்க முடியவில்லை. நூலிழை போன்ற நுண்படிகங்களாக மாறி, வலை பின்னி, நடுவில் நீரைச் சிறைப்பிடித்துவிட்டன. அதுதான் நாங்கள் பார்த்த அகார் அகார்.

அப்படியென்றால், எண்ணெயிலிருந்து திரவச் சவர்க்காரம் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்? சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். பொட்டாசியம் சவர்க்காரம் நீரில் மிக எளிதாகக் கரையும். தனிம அட்டவணையில் ஒரே தொகுதியில் மேலும் கீழும் இருக்கும் இரண்டு தனிமங்கள்! ஒன்று கட்டியைத் தருகிறது, மற்றொன்று திரவத்தைத் தருகிறது. நாங்கள் எவ்வளவு நீர் ஊற்றியிருந்தாலும் சோடியம் பொட்டாசியமாக மாறியிருக்காது.

வாடை ஏன் வந்தது? உலர்ந்த கட்டியில் நீர் குறைவு, காரத்தன்மை அதிகம். கிருமிகள் பெருகுவது கடினம். நாங்களோ நீரைத் தாராளமாக ஊற்றிக் காரத்தையும் நீர்த்துப்போகச் செய்துவிட்டோம். கடையில் விற்கும் திரவங்களில் கெடாமல் காக்கும் பொருள்கள் சேர்த்திருப்பார்கள், எங்களுடையதில் இல்லை. கை சுத்தமாக இருக்கட்டும் என்று வைத்த புட்டியிலேயே கிருமி வளர இடம் கொடுத்துவிட்டோம். எல்லாப் புட்டிகளையும் அன்றே அகற்றினேன்.

மீதமிருந்த கலவையை வீசவில்லை. மீண்டும் சூடாக்கி, கைப்பிடி கைப்பிடியாகச் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினோம். தயிர் திரிவது போலச் சவர்க்காரம் வெண்மையாகத் திரண்டு மேலே மிதந்தது! நீரில் சோடியம் அயனிகள் நிறைந்துவிட்டதால் சவர்க்காரத்துக்குக் கரைந்திருக்க இடமில்லை. கிளிசெராலிலிருந்து சவர்க்காரத்தைப் பிரிக்கத் தொழிற்சாலைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் உத்தி இது. வடிகட்டிக் காயவைத்த அந்தத் திரளைத் தரை கழுவப் பயன்படுத்தினோம்.

ஆகவே, புட்டி முறைதான் வேண்டும் என்றால் ஒரு சிறு கிண்ணம் அளவு மட்டும் கரையுங்கள். சளசளவென்ற கூழாக இருந்தாலும் பரவாயில்லை. குளியலறைத் தரை, காலணி, துடைப்பான் கழுவ இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். பழைய நீர்ப்புட்டியில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் தம்பி, தங்கை குடிநீர் என்று நினைத்துக் குடித்துவிடக்கூடும்.

நீரே சேர்க்காத எளிய வழி

எதுவும் செய்ய நேரமில்லையா? பூண்டு, வெங்காயம் வரும் வலைப்பையில் துண்டுகளைப் போட்டு முடிச்சிட்டுக் குழாயில் தொங்கவிடுங்கள். சின்னச் சின்னத் துண்டுகளின் மொத்த மேற்பரப்பு ஒரே கட்டியின் மேற்பரப்பைவிட அதிகம். அதனால் நீரில் வேகமாகக் கரையும். வலையைக் கசக்கும்போது காற்று கலப்பதால் நுரையும் கூடுதலாக வரும். தொங்குவதால் நீர் வடிந்து சீக்கிரம் காய்ந்துவிடும்.

சவர்க்காரம் வீணாவது கையில் தேய்வதால் மட்டுமல்ல, பெட்டியில் தேங்கும் நீரில் ஊறுவதாலும்தான். பெட்டிக்கு அடியில் துளை இருந்தால் ஒவ்வொரு கட்டியும் கூடுதல் நாள் வரும். துண்டைக் காப்பாற்றும் வேலை கட்டி முழுதாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

“டீச்சர், சோப்பிலேயே கிருமி இருந்தா?”

புட்டிகளை அகற்றிய அன்று ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. “பல பேர் கை பட்ட சோப்பு. அதுலயே கிருமி இருந்தா, அத வச்சுக் கழுவுனா கை எப்படிச் சுத்தமாகும்?”

நல்ல கேள்வி. பயன்படுத்திய கட்டியின் ஈரமான மேற்பரப்பில் கிருமிகள் இருக்கும் என்பது உண்மை. அவை கைக்கு வந்து தங்குமா என்பதுதான் கேள்வி. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டிகளின் மேல் வேண்டுமென்றே கிருமிகளைத் தடவி, 16 பேரை அவற்றால் கை கழுவச் சொன்னார்கள். கழுவிய பிறகு சோதித்தபோது யாருடைய கையிலும் அந்தக் கிருமிகள் கண்டறியும் அளவில் இல்லை. காரணம் எளிது. கிருமி கட்டியின் மேல் இருந்தாலும், நுரையோடு சேர்ந்து நீரில் போய்விடுகிறது.

ஆனால், இங்கே அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. ஆய்வைச் செய்தவர்கள் யார்? சவர்க்காரம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள். அதனால் முடிவு பொய் என்று ஆகிவிடாது. எண்ணிக்கை 16 பேர்தான், செய்தவர்களுக்கு அதில் தொடர்பு உண்டு என்பதையும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறையில் நாம் செய்யக்கூடியது: கட்டியை நன்றாகக் காய விடுவது, எடுத்ததும் ஒருமுறை நீரில் அலசுவது, நுரை வரத் தேய்ப்பது, ஓடும் நீரில் கழுவுவது. வீட்டில் யாருக்காவது தோல் நோயோ ஆறாத புண்ணோ இருந்தால் அவருக்குத் தனிக் கட்டி வையுங்கள். அந்தத் துண்டை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

எவற்றைச் சேர்க்கக்கூடாது?

சலவைச் சவர்க்காரத்தைக் குளியல் துண்டுகளோடு கலக்காதீர்கள். அதில் தோலை வறட்டும் காரப்பொருள்கள் கூடுதலாக இருக்கலாம். கந்தகம் போன்ற மருந்து சேர்ந்த கட்டிகளையும் தனியே வையுங்கள்.

உறையில் ‘சோடியம் லாரோயில் ஐசெத்தியோனேட்’ என்று முதலில் இருந்தால், அது பெரும்பாலும் செயற்கைத் தூய்மிப்பொருளால் ஆன கட்டி. வழக்கமான சவர்க்காரத்தின் காரத்தன்மை பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். இதுவோ நடுநிலைக்கு அருகில் இருக்கும். இரண்டையும் ஒட்டினால் ஒரே மாதிரி நீரை உறிஞ்சாது, ஒரே மாதிரி காயாது. பிரிந்து வரவே வாய்ப்பு அதிகம். ஒரே வகையை ஒரே வகையோடு சேர்ப்பதே நல்லது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. துண்டுகளை மறுபடி பயன்படுத்தக் காரம் எதுவும் தேவையில்லை. எண்ணெயிலிருந்து புதிதாகச் சவர்க்காரம் செய்ய ஆசைப்பட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடை வாங்கி வீட்டில் முயலாதீர்கள். அது தோலை எரிக்கும்; கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அந்தச் சோதனை ஆசிரியர் முன்னிலையில், ஆய்வுக்கூடத்தில், பாதுகாப்புக் கண்ணாடியோடு மட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: சவர்க்காரத் துருவல், ஒரே அளவுள்ள மூன்று காலிப் புட்டிகள், குடிநீர், கனிம நீர், புளிக்காடி.

புட்டியில் உள்ளது குடிநீரா, இயற்கைக் கனிம நீரா என்பதை ஒட்டுச்சீட்டில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கும்போது ஒட்டுச்சீட்டில் கால்சியம், மக்னீசியம் அளவுகளைப் பார்த்து, அதிகமாக உள்ள கனிம நீரை எடுங்கள்.

முதல் புட்டியில் 100 மில்லிலிட்டர் குடிநீர். இரண்டாவதில் 100 மில்லிலிட்டர் கனிம நீர். மூன்றாவதில் 100 மில்லிலிட்டர் குடிநீரோடு இரண்டு தேக்கரண்டி புளிக்காடி. ஒவ்வொன்றிலும் அரைத் தேக்கரண்டி துருவல் போட்டு, மூடி, இருபது முறை குலுக்குங்கள். நுரையின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள்.

இரண்டாவது புட்டியில் நுரை குறைந்து வெண்மையான படலம் தோன்றினால், கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து நீரில் கரையாத உப்பாகிவிட்டன என்று பொருள். பத்துமலை போன்ற சுண்ணாம்புக்கல் பாறைகளின் வழியே ஊறி வரும் நீர் இப்படித்தான் கடினநீர் ஆகிறது. மூன்றாவது புட்டியில் நுரை ஏறக்குறைய வராது. அமிலம் சவர்க்காரத்தை மீண்டும் கொழுப்பு அமிலமாக மாற்றிவிடுகிறது. ‘சவர்க்காரக் கரைசலில் புளிக்காடியோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம்’ என்று யாராவது சொன்னால், இந்தப் புட்டியைக் காட்டுங்கள்.

ஒரு துண்டின் மதிப்பு

விடுதிகளில் ஒருநாள் தங்குபவர் பயன்படுத்திய கட்டி என்ன ஆகிறது? பெரும்பாலும் குப்பைக்குத்தான். 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஓர்லாண்டோவில் ‘கிளீன் தி வர்ல்ட்’ என்ற அமைப்பு அப்படிப்பட்ட கட்டிகளைச் சேகரிக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் ஒரு வாகனக் கொட்டகையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்குத் தோல் சீவும் கருவியால் கட்டிகளின் மேற்பரப்பைச் சீவினார்கள். அரைத்து, கிருமி நீக்கி, மீண்டும் அழுத்திக் கட்டியாக்கி, சவர்க்காரம் வாங்க இயலாத மக்களுக்கு அனுப்பினார்கள். கைகளைச் சவர்க்காரத்தால் கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கு நோயைச் சுமார் 30 விழுக்காடு குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாம் வீசும் துண்டு வேறோர் இடத்தில் ஒரு குழந்தையின் உடல்நலம்.

நசுக்கு, நனை, அழுத்து, காய வை. தொழிற்சாலையும் அதைத்தான் செய்கிறது, அந்த அமைப்பும் அதைத்தான் செய்கிறது. பாட்டி எந்த வேதியியல் புத்தகத்தையும் திறந்ததில்லை. ஆனால், நீர் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எத்தனை நேரம் காய வேண்டும் என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக் குளியலறையில் இப்போது இருக்கும் கட்டி மஞ்சள். அதன் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. விருந்தினர் வந்தால் நான் அதை ஒளித்து வைப்பதில்லை.

இந்த வாரம் உங்களுக்கான வேலை: வீட்டில் உள்ள துண்டுகளைச் சேர்த்து, காயவைத்து, நிறுத்து, ஆண்டுக்கு எத்தனை கட்டி வீணாகிறது என்று கணக்கிடுங்கள். பிறகு பொருள் பட்டியலைப் படித்து வகை பிரியுங்கள். சொட்டு நீரா, கரண்டி நீரா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.